தோல் லிம்ஃபோமாவுக்குக் கரண்ட்: 12 கிரேயா, 36 கிரேயா, ஊசி மருந்தா?

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அம்மாவுக்கு வயது 61. ஒன்பது வருடமாக உடம்பில் படை படையாக வந்துகொண்டிருக்கிறது. முதலில் படர்தாமரை என்றார்கள், பிறகு சொரியாசிஸ் என்றார்கள். நாலாவது பயாப்சியில்தான் ‘மைகோசிஸ் ஃபங்காய்டிஸ்’ என்று எழுதி வந்தது; தோலில் வரும் லிம்ஃபோமா, அதாவது ஒரு வகை வெள்ளையணுப் புற்று. களிம்பு, பியுவா ஒளி சிகிச்சை, மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை என்று எல்லாம் பார்த்தாயிற்று; கொஞ்ச நாள் அடங்குகிறது, மறுபடி கிளம்புகிறது. “உடம்பு முழுக்கக் குறைந்த அளவு கரண்ட் வைக்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். வைப்பதுதான் வைக்கிறோம், முழு அளவாக வைத்து ஒரேயடியாக முடித்துவிடலாமே என்கிறார் இன்னொருவர். புதிதாக ஊசி மருந்து வந்திருக்கிறது, கரண்டே வேண்டாம் என்கிறான் வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா மகன். யார் பேச்சைக் கேட்பது?”

இதே கேள்வியோடு வேறு சிலரும் வந்திருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. கதிர்வீச்சுப் பிரிவில் டோஸ் கணக்குப் போடுகிற பௌதிகக்காரன். ஊரில் ‘கரண்ட்’ என்று சொல்வது இந்தக் கதிர்வீச்சைத்தான்; அதன் டோஸை அளக்கும் அலகுதான் கிரே. யாருக்கு எது என்று முடிவு செய்வது என் வேலை இல்லை. ஆனால் முடிவு செய்துகொண்டு வருகிறவர்கள் எதை யோசிக்காமல் வந்தார்கள் என்பதை மெஷின் அறை வாசலில் தினமும் பார்க்கிறேன்.

முதலில் நோயைப் பற்றி இரண்டு வரி. தோலில் தங்கும் லிம்ஃபோமாக்களில் இதுதான் அதிகம் காணப்படுவது. டி-செல் என்ற வெள்ளையணு வகை தோலில் குடியேறிப் பெருகுகிறது. 1806-இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் அலிபேர், நோயாளியின் முகத்துக் கட்டிகள் காளான் போல இருந்ததால் அப்படிப் பெயர் வைத்தார். பெயரில் இருக்கும் பூஞ்சை நோயில் இல்லை. தொற்றாது, அம்மாவின் துண்டைத் தனியாகத் துவைக்க வேண்டியதில்லை. நம் நிறத்துத் தோலில் இது பல நேரம் சிவப்பாகத் தெரியாது, தேமல் போல வெளுத்துத்தான் தெரியும். அதனால் தொழுநோயோ என்று பயந்து ஓடியவர்களும் உண்டு.

எதை வைத்து அளப்பது?

எந்த டாக்டர் பெரிய டாக்டர் என்று பார்ப்பதற்கு முன், கீழே உள்ள ஐந்துக்கும் உங்கள் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, தோலில் எவ்வளவு இடம், எவ்வளவு தடிப்பு. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, ஏறத்தாழ உடல் பரப்பில் 1 சதவீதம். அந்தக் கணக்கில் 10 சதவீதத்துக்குக் கீழா மேலா என்பதுதான் முதல் கோடு. 1 சென்டிமீட்டருக்கு மேல் கட்டி இருந்தால் அது வேறு நிலை.

இரண்டாவது, ரத்தத்திலோ நெறிக்கட்டிலோ நோய் இருக்கிறதா. இருந்தால், தோலோடு நின்றுவிடும் சிகிச்சை பாதி வேலையைத்தான் செய்யும்.

மூன்றாவது, ‘மசியவில்லை’ என்கிறோமே, எதற்கு மசியவில்லை? மயிர்க்கால்களைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வகை ஒன்று உண்டு. ஒளி சிகிச்சை அந்த ஆழத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. அங்கே தோற்றது ஒளியின் எட்டம்தான். அதைப் பார்த்துவிட்டு நோய் ரொம்ப முற்றிவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நோய் திடீரென்று வேகமெடுத்திருந்தால் புதுக் கட்டியிலிருந்து இன்னொரு பயாப்சி எடுத்து, அணுக்கள் பெரிதாக உருமாறியிருக்கின்றனவா, சிடி30 என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். ஒன்பது வருடப் பழைய பயாப்சியை வைத்து இன்றைய முடிவை எடுக்க வேண்டாம்.

நான்காவது, உங்களுக்கு என்ன வேண்டும். அரிப்பு அடங்கித் தூக்கம் வந்தால் போதுமா, தோல் முழுக்கச் சுத்தமாக வேண்டுமா?

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதலில் வர வேண்டும்: நோய் திரும்பி வந்தால் அடுத்து என்ன செய்ய முடியும்? பரவலாக வந்துவிட்ட இந்த நோய் பெரும்பாலும் திரும்பி வரும். இன்றைக்குச் செய்வது நாளைக்கான வழியை அடைத்துவிடக் கூடாது.

முழு உடம்புக்கும் 12 கிரே

‘குறைந்த அளவு’ என்றதும் ‘அரைகுறை வைத்தியம்’ என்று காதில் விழுகிறது. அப்படி இல்லை. லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு கதிர்வீச்சுக்கு மிகவும் பயந்த அணு. மற்ற அணுக்கள் தாங்கிக்கொள்ளும் சிறிய டோஸிலேயே அது தானாக மடிந்துவிடும். தோல் வெந்து உரிவதற்கு அதைவிடப் பல மடங்கு டோஸ் வேண்டும். இந்த இடைவெளியில்தான் 12 கிரே வேலை செய்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு நடந்த மூன்று சிறு ஆய்வுகளைச் சேர்த்து 2015-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 33 பேர். 88 சதவீதம் பேருக்கு நோய் பாதிக்கு மேல் அடங்கியது. ஒன்பது பேருக்கு முழுக்க மறைந்தது. பலன் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு சுமார் 71 வாரம், அதாவது ஒன்றேகால் வருடத்துக்கு மேல். பிரிட்டனில் 103 பேருக்கு ஒரு சிட்டிங்குக்கு 1.5 கிரே வீதம் 8 சிட்டிங், இரண்டே வாரத்தில் கொடுத்து 2017-இல் எழுதினார்கள். அங்கேயும் 87 சதவீதம். ஆனால் முழுக்க மறைந்தது 18 சதவீதம் பேருக்கு மட்டும். இந்த 18-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘முழுக்கப் போய்விடும்’ என்று யாராவது சொன்னால் அது 12 கிரேயைப் பற்றிய பேச்சு இல்லை.

எப்படி வைக்கிறார்கள் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். சாதாரண ரேடியேஷனில் படுக்க வைப்போம். இதில் மெஷினிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, கண்ணாடி போன்ற ஓர் அக்ரிலிக் தடுப்புக்குப் பின்னால், நிற்க வைப்போம். தரையில் பாதம் வைக்க அடையாளம் ஒட்டியிருக்கும். கையைத் தூக்கி ஒன்று, முதுகைக் காட்டி ஒன்று, சாய்வாகத் திரும்பி நான்கு என்று மொத்தம் ஆறு நிலை. பழக்கமான முறையில் ஒரு நாளைக்கு மூன்று நிலை, மறுநாள் மீதி மூன்று. எக்ஸ்-ரேக்குப் பதில் எலெக்ட்ரான் பயன்படுத்துவதால் டோஸ் தோலோடு, சில மில்லிமீட்டர் ஆழத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். குடல், நுரையீரல், எலும்பு மஜ்ஜை வரைக்கும் போவது மிகச் சொற்பம். அதனால்தான் இதில் வாந்தி வராது, ரத்த அணுக்கள் சரியாது.

பக்க விளைவு: தோல் வறட்சி, லேசான சிவப்பு, கை கால் வீக்கம், கொஞ்சம் அசதி. முடி கொட்டினாலும் இந்த அளவில் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். நகம் சொத்தையாகலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. மடிப்பில் ஒளிந்திருக்கும் இடங்களுக்கு, அதாவது மார்புக்குக் கீழே, தொடையிடுக்கு, உள்ளங்கால், உச்சந்தலை ஆகியவற்றுக்கு, எலெக்ட்ரான் சரியாகப் போகாது. அங்கே தனியாகக் கூடுதல் சிட்டிங் வேண்டிவரும். எஸ்டிமேட்டில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளாடையைத் தவிர ஒன்றும் இல்லாமல் நிற்க வேண்டும். அறைக்குள் அவர் தனியாக இருப்பார், நாங்கள் வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டிருப்போம். கூச்சத்தால் இரண்டாம் நாளே நின்றுவிட்ட ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். முதல் நாளே ஒரு பெண் டெக்னீஷியன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் அவர் முடித்திருப்பார். எங்கள் தவறு அது. எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது. லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற கதிர்வீச்சு மெஷின் இருக்கும் ஆஸ்பத்திரி எல்லாம் இதைச் செய்வதில்லை; பெரிய அறையும் தனியாக அளந்து வைத்த ஏற்பாடும் வேண்டும். ஆக, இரண்டு மூன்று வாரம் வெளியூரில் அறை எடுத்துத் தங்குவது, கூட வருகிறவரின் சம்பள இழப்பு எல்லாம் பில்லில் வராத செலவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று சேர்வதற்கு முன்பே கவுன்ட்டரில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பலன் உடனே தெரியாது. அந்த 33 பேர் ஆய்வில் நோய் பாதிக்கு மேல் அடங்க ஏழெட்டு வாரம் ஆனது. முடித்த மறுநாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ‘காசு வீண்’ என்று யாரும் வீட்டில் முணுமுணுக்க வேண்டாம்.

முழு உடம்புக்கும் 30 முதல் 36 கிரே

இதுதான் பழைய, நிலைபெற்ற முறை. ஸ்டான்ஃபோர்டில் 30 கிரேயும் அதற்கு மேலும் பெற்ற 180 பேரின் கணக்கை 2011-இல் பார்த்தபோது எல்லாருக்குமே நோய் அடங்கியிருந்தது, 60 சதவீதம் பேருக்கு முழுக்க மறைந்திருந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் 12 கிரே இதன் பக்கத்திலேயே நிற்க முடியாது.

ஆனால் முழுக்க மறைந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு அது திரும்புகிறது. ‘ஒரேயடியாக முடிப்பது’ என்ற ஆசைக்கு 1989-லேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 103 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆரம்பத்திலேயே முழு உடம்புக்கு எலெக்ட்ரான், அதோடு கூட்டுக் கீமோ. இன்னொரு பிரிவுக்கு மேல்பூச்சில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஒவ்வொன்றாக ஏறிப் போவது. கடுமையாக அடித்த பிரிவில் முழுக்க மறைந்தவர்கள் 38 சதவீதம், நிதானமாகப் போன பிரிவில் 18 சதவீதம். உயிரோடு இருந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. பக்க விளைவு மட்டும் கடுமையாக அடித்த பிரிவில் கூடுதல். இந்த நோயைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆய்வுகளில் என் மனதை மாற்றியது இந்த ஒன்றுதான்.

30 முதல் 36 கிரே வைத்து முடிக்க எட்டு முதல் பத்து வாரம் ஆகும். முடி, புருவம் எல்லாம் போகும், முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. நகம் கழன்று விழலாம். வியர்வைச் சுரப்பி பல மாதம் சோம்பிவிடும். குளிர்நாட்டு ஆய்வுக் கட்டுரையில் இது ஒரு வரியோடு போகிறது. நம் ஊரில் கத்திரி வெயிலில் வியர்க்காத உடம்போடு வயல் வேலைக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். தோலுக்குள் போன டோஸ் கணக்கிலிருந்து அழியாது. 36 வைத்த தோலில் மறுபடி வைப்பதானால் கையை இறுக்கிக்கொண்டுதான் வைக்க வேண்டும். முன்பே நிறையப் பியுவா எடுத்தவருக்குப் பின்னாளில் வேறு தோல் புற்று வரும் வாய்ப்பும் இதோடு சேர்ந்து ஏறுகிறது.

அப்படியானால் யாருக்கு? தடித்த படையும் கட்டியும் பரவலாக இருந்து, அதை அடக்கிய கையோடு வேறொருவரின் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் போகிற இளவயதுக்காரருக்கு, அதாவது அடுத்த படி என்ன என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டவருக்கு, இந்த ஆழமான சுத்தம் பொருள் உள்ளது. 12 வைத்தும் சரியாக அடங்காதவருக்கும் டாக்டர்கள் இதை யோசிக்கலாம்.

கட்டிக்கு மட்டும் கரண்ட்

நாலைந்து இடத்தில்தான் தொல்லை, மீதி எல்லாம் களிம்பில் அடங்குகிறது என்றால் முழு உடம்பையும் நிற்க வைக்க வேண்டியதே இல்லை. நெதர்லாந்தில் 2009-இல் வெளிவந்த கணக்கு தெளிவாக இருக்கிறது: இந்த நோயில் ஓர் இடத்துக்கு 2 கிரே வீதம் இருமுறை வைத்தால் 30 சதவீதப் புண்கள்தான் முழுக்க மறைந்தன, 4 கிரே வீதம் இருமுறை வைத்தால் 92 சதவீதம். ஒரே சிட்டிங்கில் 7 அல்லது 8 கிரே வைத்த அமெரிக்க ஆய்வில் 270 இடங்களில் சுமார் 94 சதவீதம். காலையில் பஸ் ஏறி வந்து சாயங்காலம் வீட்டில் இருக்கலாம்.

அந்த இரண்டும் இரண்டும் நாலு கிரே முறைக்கு இத்துறையில் ‘பூம் பூம்’ என்றே செல்லப்பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு மாடு தலையாட்டுவதுதான் ஞாபகம் வரும். தோலில் வரும் பி-செல் வகை லிம்ஃபோமா அதற்கு நன்றாகவே தலையாட்டும். அதே நெதர்லாந்து ஆய்வில் 72 சதவீதம். டி-செல் வகையான மைகோசிஸுக்கு அது போதாது. ரிப்போர்ட்டில் எந்த வகை என்று பாருங்கள். ‘அவருக்கு இரண்டு சிட்டிங்கில் போய்விட்டதாமே’ என்று பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

குறை ஒன்றுதான். வைத்த இடம் மறையும்; வைக்காத இடத்தில் அடுத்த மாதம் கிளம்பலாம்.

கரண்ட் வேண்டாம், மருந்து

சித்தப்பா மகன் சொன்னது பொய் இல்லை. பிரென்டக்ஸிமாப் வெடோடின் என்ற ஊசி, சிடி30 அடையாளம் உள்ள நோயில் மெத்தோட்ரெக்ஸேட், பெக்ஸரோட்டீன் என்ற பழைய மாத்திரைகள் இரண்டையும் தோற்கடித்தது. 2017-இல் வந்த ஆய்வில், நான்கு மாதமாவது நீடித்த பலன் 56 சதவீதம் பேருக்கு. பழைய மருந்துகளில் 12.5 சதவீதம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது. விலை சாமானியர் கைக்கு எட்டாது. விலையைவிட எனக்குக் கவலை, ஆய்வில் மூன்றில் இரண்டு பேருக்குக் கை கால் நரம்பு மரத்துப்போனது. சர்க்கரை நோயால் ஏற்கெனவே பாதம் எரிகிறவர் நம் வீடுகளில் எத்தனை பேர்! அதை டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

ரத்தத்தில் நோய் இருப்பவருக்குக் கதை வேறு. அவருக்கு மொகமுலிஸுமாப் போன்ற ஊசி பொருந்தும். 2018-இல் வந்த 372 பேர் ஆய்வில் நோய் மீண்டும் முன்னேறாமல் இருந்த காலம் 7.7 மாதம், ஒப்பிட்ட மருந்தில் 3.1. தோலில் வைக்கும் எலெக்ட்ரான் ரத்தத்தில் ஓடுவதைத் தொடாது. அவர் தோலுக்கு மட்டும் கரண்ட் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது, மேலே ஓட்டை மாற்றிவிட்டுக் கரையான் அரிக்கிற உத்தரத்தை அப்படியே விடுவதுதான்.

பெக்ஸரோட்டீன் மாத்திரைதானே, எளிது என்று தோன்றும். அது தைராய்டை அடக்கும், ரத்தக் கொழுப்பை எக்கச்சக்கமாக ஏற்றும். இரண்டுக்கும் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கர்ப்பமாக வாய்ப்புள்ளவருக்குக் கூடவே கூடாது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | 12 கிரே, முழு உடம்பு | 30–36 கிரே, முழு உடம்பு | கட்டிக்கு மட்டும் 8 கிரே | ஊசி மருந்து |
|---|---|---|---|---|
| காலம் | 2–3 வாரம் | 8–10 வாரம் | 1–2 சிட்டிங் | மாதக்கணக்கு |
| முழுக்க மறைவது | ஐந்தில் ஒருவர் முதல் நால்வரில் ஒருவர் வரை | 10-இல் 6 பேர் | வைத்த இடத்தில் 10-இல் 9 | மருந்தையும் அடையாளத்தையும் பொறுத்தது |
| திரும்பினால் மறுபடி | முடியும் | கஷ்டம் | முடியும் | நரம்பும் பிற பக்க விளைவும் விட்டால் |
| ரத்தத்தில் நோய் இருந்தால் | போதாது | போதாது | போதாது | பொருந்தும் |
| பில்லில் வராதது | தங்கல், கூடுதல் சிட்டிங், கூச்சம் | அதோடு முடி, நகம், வியர்வை | புது இடத்தில் கிளம்புவது | சர்க்கரைக்காரர் பாதம், ரத்தப் பரிசோதனை |

ஈரோட்டு அம்மாவுக்கு

எழுதியவர் ரிப்போர்ட்டையும் அனுப்பியிருந்தார். ரத்தத்தில் இல்லை, நெறிக்கட்டு இல்லை. உடம்பில் பாதிக்கு மேல் படை, கணுக்காலில் ஒரு கட்டி. அரிப்பில் தூக்கம் இல்லை. சர்க்கரை இருக்கிறது, பாதம் ஏற்கெனவே மரத்திருக்கிறது.

அவர் என் வீட்டு ஆளாக இருந்தால் 12 கிரே பக்கம்தான் நிற்பேன்; கணுக்கால் கட்டிக்குத் தனியாக இரண்டு சிட்டிங். அவருக்கு வேண்டியது தூக்கம். அதை 12 தரக்கூடும். ஒன்றரை வருடத்தில் நோய் திரும்பினாலும் மறுபடி 12 வைக்க இடம் இருக்கும், அதற்குள் வேறு மருந்தின் விலையும் இறங்கியிருக்கலாம். பாதம் மரத்தவருக்கு அந்த ஊசியைக் கடைசிக்குத் தள்ளி வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பேன். புது பயாப்சி எடுத்து அணுக்கள் உருமாறியிருப்பதாக வந்தால் இந்தப் பேச்சு முழுவதும் மாறும், அதையும் சொல்லிவிட்டேன்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. தோல் வெடித்து நீர் கசிகிற இடத்தில் கிருமி இருந்தால் முதலில் அதை ஆற்றச் சொல்லுங்கள். அரிப்பில் பாதி அதனாலும் இருக்கும். மெத்தோட்ரெக்ஸேட் இன்னும் சாப்பிடுகிறாரா என்று கதிர்வீச்சு டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் தோல் கூடுதலாக வேகும். எத்தனை பியுவா எடுத்தார் என்ற பழைய சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள். அரிப்பு பொறுக்கும்படி இருந்தால் சித்திரை, வைகாசியில் தொடங்க வேண்டாம். அப்புறம், அம்மாவால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, பிடிமானம் இல்லாமல், ஐந்து நிமிடம் நிற்க முடிகிறதா என்று கடிகாரம் வைத்து வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். முடியவில்லை என்றால் முதல் நாளே எங்களிடம் சொல்லுங்கள். படுக்க வைத்துச் செய்யும் முறையும் இருக்கிறது. ஆனால் அதற்கு நாங்கள் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.